கேரவனோடு பைன் காட்டுக்கு: வாசகர் கேள்வி பதில்

வேனைக் கேரவனாக, அதாவது உள்ளேயே படுத்துச் சமைத்துத் தங்கும் வண்டியாக, கட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்ப நினைக்கும் மதுரை வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வண்டி கட்டும் பட்டறைக்காரர்களும் மலைப்பாதை ஓட்டுநர்களும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். பிரேக்குக்கும் கழிவுநீருக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம். மற்ற விஷயங்களில் தப்பு நடந்தால் ஒரு ராத்திரி சிரமப்படுவோம். இந்த இரண்டில் நடந்தால் நம்மோடு சம்பந்தமே இல்லாதவர்களுக்கும் பாதிப்பு.

கேள்வி: பழைய டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றுகிறேன். கொடைக்கானல் பைன் காட்டுக்குள்ளேயே நிறுத்தி இரண்டு இரவு தங்க ஆசை. அனுமதி யாரிடம் வாங்குவது?
– வாசகர், திருமங்கலம்

காட்டுக்குள் இரவில் நிறுத்த முடியாது. மோயர் பாயிண்ட் பக்கம் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் பைன் காடு வனத்துறையுடையது. 1906-ல் பிரையண்ட் என்பவர் நடத் தொடங்கிய மரங்கள் அவை என்பார்கள். பகலில் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். சுற்றியுள்ள காட்டில் பெரும்பகுதி இப்போது வனவிலங்குச் சரணாலயம். சாலையோரம் ஒதுக்கி நிறுத்திப் படுப்பதும் வேண்டாம். போலீஸ் எழுப்பாவிட்டாலும் காட்டுமாடு வந்து எழுப்பும்.

உங்களுக்கு இருக்கும் வழி தனியார் நிலம். வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பைன், யூகலிப்டஸ் ஓரமாகத் தோட்டத்துக்குள் தங்கும் விடுதி நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். உரிமம் உள்ள இடமா என்று முதலில் கேளுங்கள். அனுமதியில்லாமல் கூடாரம் போட்ட இடங்களை அதிகாரிகள் மூடியிருக்கிறார்கள், பாதி ராத்திரியில் கிளம்பச் சொன்னால் எங்கே போவீர்கள்? பிறகு போனிலேயே நான்கு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். வாசல் கேட்டின் அகலம் எவ்வளவு? உள்ளே வண்டியைத் திருப்ப முடியுமா, ரிவர்ஸில்தான் ஏற வேண்டுமா? நிறுத்தும் இடம் சமமாக, கப்பி போட்டு இருக்கிறதா? கழிவைக் கொட்ட அவர்களுடைய செப்டிக் டேங்க்கின் மூடியைத் திறந்து தருவார்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீருக்கும் மலையில் தடை. கேனும் எவர்சில்வர் குடமும் எடுத்துப் போங்கள்.

கேள்வி: உள்ளே கட்டில், அலமாரி, டேங்க் எல்லாம் வைத்துவிட்டோம். ஆர்.சி.யில் ஏதும் மாற்ற வேண்டுமா?
– வாசகர், உசிலம்பட்டி

மாற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, வண்டியின் அமைப்பை மாற்றினால் பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை அப்படியே இருந்தால், விபத்து நேர்ந்த அன்று இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். மோட்டார் கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதி இருக்கிறது. வேலை தொடங்கும் முன்பே அதன்படி சான்று வாங்கித் தரக்கூடிய பட்டறையைத் தேடுங்கள். எல்லாம் முடித்த பிறகு சான்றுக்கு அலைந்தால், அடித்த பிளைவுட்டைப் பிரிக்க வேண்டி வரும்.

இன்னொன்று எடை. எல்லாச் சாமானையும் ஏற்றி, டேங்க்கை நிரப்பி, டீசல் போட்டு, போகிற ஆட்களையும் உட்கார வைத்து எடை மேடைக்குக் கொண்டு போங்கள். முழு வண்டியை ஒருமுறை, முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒருமுறை, பின் சக்கரங்களை மட்டும் ஒருமுறை என்று மூன்று சீட்டு வாங்குங்கள். மொத்தம் ஆர்.சி.யில் உள்ள எடைக்குள் இருந்தாலும், பின் அச்சில் மட்டும் கூடியிருப்பது சகஜம். டேங்க், பேட்டரி, கழிவறை எல்லாவற்றையும் பின்னால் கொண்டுபோய் அடைப்பதால் வருவது. அப்படியானால் முன் சக்கரப் பிடி குறையும், ஏற்ற வளைவில் ஸ்டியரிங் லேசாகிவிடும். தண்ணீர் டேங்க்கைப் பின் அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு தரையாக வையுங்கள். உள்ளே தடுப்புத் தகடு இல்லாத டேங்க் என்றால் முழுக்க நிரப்பி ஏறுங்கள், அல்லது காலியாக ஏறுங்கள். 100 லிட்டர் என்பது 100 கிலோ. பாதி டேங்க் தண்ணீர் கொண்டை ஊசி வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து அடிக்கும்போது, வண்டி கொஞ்சம் பிந்தி இன்னொரு முறை ஆடும்.

கேள்வி: ஏறும்போது பயமில்லை. இறங்கும்போது பிரேக் சூடாகி வாடை வருகிறது. என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், வாடிப்பட்டி

மதுரை சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். மூன்று நான்கு டன் வண்டியை இரண்டாயிரம் மீட்டர் கீழே இறக்கும்போது அந்தச் சக்தி முழுதும் எங்காவது சூடாக வெளியேறியாக வேண்டும். எஞ்சின் வழியாக வெளியேற்றினால் வண்டிக்கு நல்லது. பிரேக் வழியாகப் போனால் லைனிங் கருகும்.

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டாவது கியரில் ஏறிய வளைவை மூன்றாவதில் இறங்கக் கூடாது. கியரை வளைவுக்கு முன்பே மாற்றிவிட வேண்டும், இறக்கத்தில் வேகம் பிடித்த பிறகு கீழ் கியர் விழாது. வண்டி நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும். பிரேக்கை மெல்ல மிதித்தபடியே வருவதுதான் பெரிய தப்பு. நன்றாக ஒருமுறை அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், பிறகு காலை முழுக்க எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிரம் ஆறும். டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுகிறவர்கள் உண்டு. எஞ்சின் நின்றால், மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் இருக்காது. இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும்.

பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும், வண்டி ஓடாமல் கிடந்தாலும் சரி. காற்றிலுள்ள ஈரத்தை அது இழுக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அதே ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிற்கும், ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். டாட் 4-க்கு இந்தக் கணக்கு 230-ம் 155-ம். உங்கள் வண்டிக்கு எது என்று ஆயில் டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும்.

கருகல் வாடை வந்தால் அடுத்த அகலமான இடத்தில் ஒதுங்குங்கள். சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள், கியரில் நிறுத்துங்கள். சூடான டிரம்மின் மேல் ஹேண்ட் பிரேக் இழுத்து வைக்காதீர்கள், ஆறிச் சுருங்கும்போது பிடித்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றவே கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விடும். அரைமணி நேரம் தானாக ஆறட்டும். மூடாத உள்ளங்கையைச் சக்கரத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாக அனல் அடித்தால் அது உங்கள் காலின் தப்பு இல்லை. அந்த வீல் சிலிண்டர் பிடித்துக்கொண்டிருக்கிறது, பட்டறைக்குப் போக வேண்டிய வண்டி அது.

ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும். பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக ஏறும் சாலை குறுகலானது. கேரவனுக்கு வத்தலக்குண்டு காட்ரோடு வழிதான். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிடும், காலையிலேயே ஏறிவிடுங்கள்.

கேள்வி: கழிவறை வைத்தே ஆக வேண்டும் என்கிறார்கள் வீட்டில். எந்த வகை வைப்பது? எவ்வளவு தண்ணீர் வேண்டும்?
– வாசகர், மேலூர்

வீட்டில் சொல்வது நியாயம். நம் ஊர்க் கேரவனுக்கு 20 லிட்டர் கேசட் கழிவறை போதும். பெட்டியைத் தனியே கழற்றித் தூக்கிப் போகலாம். அடியில் நிலையான டேங்க் கட்டினால் அதைக் காலி செய்ய இங்கே ஏற்பாடு எதுவும் கிடையாது.

நம் பழக்கத்தில் கழுவத் தண்ணீர் வேண்டும், அதையும் சேர்த்து ஒரு முறைக்கு இரண்டு லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் பெட்டி பத்து முறைக்குள் நிறைந்துவிடும். நான்கு பேர் இரண்டு நாள் என்றால் உபரிப் பெட்டி ஒன்று வாங்குங்கள், அல்லது தங்கும் இடத்துக் கழிவறையைப் பகலில் பயன்படுத்துங்கள். பெட்டியில் முதலில் இரண்டு லிட்டர் தண்ணீரும் மருந்தும் ஊற்றிய பிறகுதான் பயன்படுத்த வேண்டும். வெறும் பெட்டியில் தொடங்கினால் அடியில் ஒட்டிக் காய்ந்து, எவ்வளவு அலசினாலும் போகாது. மருந்தில் ஃபார்மால்டிஹைட் உள்ளதைத் தவிருங்கள். செப்டிக் டேங்க்கில் கழிவை மட்கச் செய்யும் பாக்டீரியாவை அது கொல்லும். என்சைம் வகை கேட்டு வாங்குங்கள்.

காலி செய்யும்போது கையுறை போடுங்கள். பெட்டியைச் சாய்க்கும்போது காற்று உள்ளே போகும் பொத்தானை அழுத்திக்கொண்டே ஊற்ற வேண்டும். அதை மறந்தால் கழிவு திக்கித் திக்கி வந்து மேலே தெறிக்கும். பிறகு இரண்டு முறை அலசி, அந்தத் தண்ணீரும் செப்டிக் டேங்க்குக்கே.

ஓடையிலோ சரிவிலோ ஊற்றிவிட்டு வருகிறவர்களுக்காக ஒன்று சொல்கிறோம். பழனிமலையின் தெற்குச் சரிவில் பிறக்கும் மஞ்சளாறும் வராக நதியும் வைகையில்தான் சேர்கின்றன. மதுரைக்குக் குடிதண்ணீர் தருவது வைகை. பாத்திரம் கழுவிய தண்ணீரும் அப்படியே தரையில் விடக் கூடாது. சோற்றுப் பருக்கையையும் எண்ணெயையும் தேடிப் பன்றியும் காட்டுமாடும் வரும். சல்லடையில் வடிகட்டி, 20 லிட்டர் கேனில் பிடித்து வையுங்கள். தட்டைத் துடைத்துவிட்டுக் கழுவினால் பாதித் தண்ணீர் மிச்சம்.

குளியல் இல்லாமல் ஓர் ஆளுக்கு ஒரு நாளுக்கு 15 லிட்டர். நான்கு பேர், இரண்டு நாள், 120 லிட்டர். குளிக்க வேண்டுமென்றால் விடுதியில் வெந்நீர் வாங்கிக் குளிப்பதே சுலபம்.

கேள்வி: 200 வாட் சோலார் பலகை போட்டிருக்கிறோம். காட்டோரம் நிறுத்தினால் பேட்டரி ஏறுவதே இல்லை. பலகை பழுதா?
– வாசகர், தேனி

பலகை நன்றாகத்தான் இருக்கும். பலகையில் செல்கள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. ஒரு கிளையின் நிழல் இரண்டு மூன்று செல்லில் விழுந்தாலே அந்த வரிசை முழுதும் சுருண்டுவிடும். பைன் மர நிழலில் சோலாரை நம்ப வேண்டாம்.

ஏறி வருகிற பயணமே உங்கள் சார்ஜர். எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து 30 ஆம்பியர் டி.சி. டு டி.சி. சார்ஜர் போட்டால், மதுரையிலிருந்து போய்ச் சேரும் நான்கு மணி நேரத்தில் 100 ஆம்பியர்-அவர் பேட்டரி நிரம்பிவிடும். இங்கே பலர் கோட்டைவிடுவது வயரில். முன்னாலிருந்து பின்னால் 6 மீட்டர், போக வர 12 மீட்டர். அதற்கு 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் 30 ஆம்பியரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே செலவாகி வயரும் சூடாகும். 16 சதுர மில்லிமீட்டர் போடுங்கள், அரை வோல்ட்டுக்குள் நிற்கும். இரண்டு பேட்டரி முனையிலும் தனித்தனி ஃபியூஸ் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால், வயர் உரசி ஷார்ட் ஆகும்போது மறுபக்கத்திலிருந்து தீ பிடிக்கும்.

செலவுக் கணக்கு: 12 வோல்ட் ஃபிரிட்ஜ் நாளுக்குச் சுமார் 400 வாட்-அவர், நான்கு விளக்கு ஐந்து மணி நேரத்துக்கு 100, நான்கு போன் 60, பம்ப் 20. மொத்தம் 580. நூறு ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் 1,280 இருக்கும், இரண்டு இரவு தாங்கும். அதே அளவு ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் ஓர் இரவுதான்.

கேள்வி: மலையில் சாதம் வேகவே மாட்டேன் என்கிறது. குளிருக்கு உள்ளே கரியடுப்பு வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, சோழவந்தான்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வைக்கவே கூடாது. கரி புகையாமல் கனன்றாலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே முடிந்துவிடும். அடைத்த அறையில் கரியடுப்போடு படுத்தவர்கள் கொடைக்கானலிலேயே இறந்திருக்கிறார்கள். கேஸ் அடுப்பை எரியவிட்டுக் குளிர் காய்வதும் அதே ஆபத்து. கம்பளியும் வெந்நீர்ப் பையும் போதும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கித் தலைமாட்டு உயரத்தில் மாட்டுங்கள்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும். 5 கிலோ சிலிண்டர் போதும்.

அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடேறாது என்பதால்தான் திறந்த பாத்திரத்தில் பருப்பும் சோறும் இழுக்கின்றன. குக்கரில் வையுங்கள், ஒன்றிரண்டு விசில் கூட்டினால் சரியாகிவிடும்.

நான்கு பேர் மூச்சுவிட்டால் ஒரு ராத்திரிக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஈரம் சேரும். விரற்கடை அளவுக்கு எதிரெதிரே இரண்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள், காலையில் மெத்தை நனைந்திருக்காது.

கேள்வி: மகன் அமெரிக்காவில் ஃபீனிக்ஸில் இருக்கிறான். நாங்கள் போகும்போது ஆர்.வி. (அங்கே கேரவனுக்கு அதுதான் பெயர்) வாடகைக்கு எடுத்துப் பைன் காட்டில் தங்கலாம் என்கிறான். எங்களுக்கு ஒத்துவருமா?
– வாசகி, அண்ணாநகர், மதுரை

நன்றாகவே ஒத்துவரும் அம்மா. ஃபீனிக்ஸிலிருந்து வடக்கே சுமார் 230 கிலோமீட்டரில் ஃபிளாக்ஸ்டாஃப். உயரம் 2,100 மீட்டர், கொடைக்கானல் அளவுதான். சுற்றிலும் கோகோனினோ தேசிய வனம், பாண்டரோசா பைன். வெயில் ஏறினால் அந்த மரப்பட்டையை முகர்ந்து பாருங்கள், வெனிலா வாசனை அடிக்கும்.

அங்கே வனத்துறையே முகாம் இடங்கள் நடத்துகிறது. ஒவ்வோர் இடத்துக்கும் எண், மேசை, நெருப்பு வளையம், பொதுக் கழிவறை இருக்கும். பல இடங்களை ஆறு மாதம் முன்பே ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் பதியலாம். பதியும்போது வண்டி நீளத்தைப் பாருங்கள். பழைய முகாம்களில் 22 அடி வண்டிக்குத்தான் இடம் இருக்கும், 28 அடி வண்டியோடு போனால் மரங்களுக்கு நடுவே திரும்ப முடியாது. பெரும்பாலானவற்றில் மின் இணைப்பு இருக்காது. ஜெனரேட்டரை ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை போடக் கூடாது என்பது வழக்கமான விதி. ஏழாயிரம் அடியில் காற்று மெலிந்திருப்பதால் ஜெனரேட்டர் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பலம் இழக்கும்.

மிக்ஸியை இங்கிருந்து எடுத்துப் போகாதீர்கள். அங்கே 120 வோல்ட், 230 வோல்ட் மோட்டார் திணறும், சட்னி அரையாது. இட்லிப் பொடியும் புளிக்காய்ச்சலும் கைகொடுக்கும். குக்கரை மட்டும் எடுத்துப் போங்கள்.

வண்டியில் கழிவறை டேங்க் சுமார் 110 லிட்டர் இருக்கும். நாலு பேர், ஆளுக்கு ஐந்து முறை, இரண்டு லிட்டர் என்றால் நாளுக்கு 40 லிட்டர், மூன்றாம் நாளுக்குள் நிறைந்துவிடும். டேங்க் வால்வை எப்போதும் மூடியே வைக்கச் சொல்லுங்கள். திறந்து வைத்தால் தண்ணீர் மட்டும் வடிந்து, கெட்டி அடியில் மேடாகக் குவியும். கழிவைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷனில் முதலில் கழிவறை டேங்க், பிறகு சமையலறைத் தண்ணீர் டேங்க். பின்னது முன்னதன் குழாயை அலசிவிடும். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் என்றால் வண்டி ரசமட்டத்தில் நிற்க வேண்டும். பக்கவாட்டில் 3 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் உள்ளே குளிரூட்டும் அம்மோனியாவின் சுழற்சி தடைபட்டு ஃபிரிட்ஜ் கெட்டுப்போகும்.

ஜூன் மாத ராத்திரியிலும் ஐந்து ஆறு டிகிரிக்கு இறங்கும், ஸ்வெட்டர் வேண்டும். கரடி உள்ள காடு, சாப்பாட்டை வெளியே மேசையில் விடாதீர்கள். மே, ஜூனில் காடு வறண்டிருக்கும்போது நெருப்புக் கட்டுப்பாடு போடுவார்கள். இரண்டாம் கட்டம் அறிவித்துவிட்டால் முகாமின் நெருப்பு வளையத்திலும் விறகு எரிக்கக் கூடாது. திருகி அணைக்கும் கேஸ் அடுப்புக்குப் பெரும்பாலும் அனுமதி உண்டு.

கேள்வி: பைன் சருகு மெத்தை போல் இருக்கிறது. அதன் மேலேயே வண்டியை நிறுத்தலாமா?
– வாசகர், திண்டுக்கல்

கூடாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அந்தச் சருகு காய்ந்து கிடக்கும், கொடைக்கானல் மலையில் காட்டுத்தீ பரவும் மாதங்களும் அவைதான். பி.எஸ். 6 டீசல் வண்டி தன் புகை வடிகட்டியைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது உள்ளே 600 டிகிரி வரை போகும். சைலன்சருக்கும் சருகுக்கும் இடையில் ஒரு சாண்தான் இருக்கும். மண்வெட்டியால் வண்டி நீளத்துக்கும் ஓரடி கூடுதலாகவும் வெறும் மண் தெரியும்வரை ஒதுக்குங்கள். இரண்டு கிலோ பவுடர் தீயணைப்பான் படுக்கைக்குப் பக்கத்தில் வேண்டாம், வாசலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மழைக்காலத்தில் வேறு தொந்தரவு: நனைந்த சருகில் சக்கரம் சுற்றும், ஏறாது.

பைன் காற்றில் சாயக்கூடியது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது கொடைக்கானலில் மரங்கள் சாய்ந்து சாலை அடைபட்டது. சாய்ந்த மரம், காய்ந்த கிளை தொங்கும் மரம் எதன் கீழும் நிறுத்த வேண்டாம்.

கேள்வி: கூரை முழுக்கப் பிசின். தேய்த்தால் பெயிண்ட் போகிறது.
– வாசகர், கப்பலூர்

சுரண்டாதீர்கள். தேங்காய் எண்ணெயைப் பிசின் மேல் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, மெல்லிய துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். மிஞ்சியதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், முதலில் ஓரத்தில் தொட்டுப் பாருங்கள். வெயிலில் காய்ந்து பல நாள் ஆகிவிட்டால் பிசின் பெயிண்டோடு பிடித்துக்கொள்ளும், ஊருக்கு வந்த அன்றே செய்துவிடுங்கள். அப்படியே பானெட்டைத் திறந்து, முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் குழியில் சேர்ந்த ஊசிச் சருகையும் அள்ளி எடுங்கள். அங்கிருக்கும் வடிகால் துளை அடைத்தால் அடுத்த மழையில் தண்ணீர் ஃபியூஸ் பெட்டிப் பக்கம் இறங்கும்.